மட்டக்களப்புக் கோச்சிப் (ரயில்) பாதையில் படமெடுக்க இனி என்ன கிடக்கு?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 2
நிலக்கரி எஞ்சின் போய் எத்தனையோ வருஷம். மன்னம்பிட்டிப் பாலத்தில லொறியும் கோச்சியும் ஒரே வழியால போன காலமும் முடிஞ்சுது. இப்ப எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரே பெட்டி, ஒரே பற்றை. பழைய படத்தையே திருப்பித் திருப்பிப் பகிருறம். மட்டக்களப்புப் பாதையில புதுசா எடுக்க ஏதும் மிச்சம் இருக்கா? இருந்தா என்ன லென்ஸ் வாங்கலாம்? (ஏறாவூர்)

மார்ச் 2, இரவு
லென்ஸ் கடைசி. முதல்ல திசை.

மட்டக்களப்பு நிலையத்திலிருந்து ஏறாவூர் வரை பாதை மேற்கு, வடமேற்காகப் போகிறது. ஏறாவூரிலிருந்து கல்குடா வரை கிட்டத்தட்ட வடக்கு. வாழைச்சேனை தாண்டினால் புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி என்று மேற்கு. இதை மனசில வைத்துக்கொண்டு, மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடும் உதயதேவி வண்டியை யோசியுங்க. காலையில் மட்டக்களப்பில் வெளிக்கிட்டு மேற்கே போகிறது. சூரியன் முதுகுப் பக்கம். கொழும்பிலிருந்து வருவது பின்னேரம் கிழக்குப் பார்த்து வருகிறது. சூரியன் திரும்பவும் முதுகுப் பக்கம். பேரில்தான் உதயம், முகத்தில் வெயில் படுவதில்லை. நீங்கள் பார்க்கிற "ஒரே மாதிரி" படங்களில் பாதி இதனால்தான்: இருண்ட முகம், வெளுத்த வானம், நடுவில் முன்விளக்கு.

முகம் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து வரும் இரவு வண்டி பிந்துகிற நாளைப் பிடிக்க வேண்டும். மார்கழியில் சூரியன் கிழக்கிலிருந்து 23 பாகை தெற்கே விலகி உதிக்கும். ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் பாதையும் ஏறத்தாழ அந்தப் பக்கம்தான் பார்க்கிறது. விடிந்த பிறகு வந்து சேரும் வண்டிக்கு முகம் முழுக்கப் பொன் நிறம். பயணிகள் திட்டுவார்கள், நமக்கு அது வரம்.

மார்ச் 3
நேற்று எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. வாடைக்காலத்தை மறந்துபோனேன். கார்த்திகையிலிருந்து தை வரை வானம் மூடிக் கிடக்கிற நாட்களில் முகம், முதுகு என்ற பேச்சே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், உதயதேவியையும் நேரே எடுக்கலாம். கனத்த முகிலுக்கு ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/1000 என்று தொடங்கிப் பாருங்க. வானத்தை மட்டும் சட்டத்துக்குள் விடவேண்டாம், வெறும் வெள்ளைக் கடதாசி மாதிரி வரும். கொஞ்சம் உயரத்தில் நின்று கீழ்நோக்கிப் பிடித்தால் நனைந்த தண்டவாளம் வானத்தின் வேலையைச் செய்யும்.

மார்ச் 5
"1/250 காணாதா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 16.7 மீற்றர். 1/250-இல் வண்டி 6.7 செ.மீ. நகரும். 20 மீற்றர் தள்ளி நின்று 50 மி.மீ. லென்ஸால் குறுக்கே எடுத்தால் உருவம் 400-இல் ஒரு பங்காகச் சுருங்கும், அந்த 6.7 செ.மீ. சென்சரில் 0.17 மி.மீ. 24 மெகாபிக்சல் முழுச் சட்டக் கமராவில் ஒரு பிக்சல் 0.006 மி.மீ. ஆக 28 பிக்சல் இழுபடும். எஞ்சின் இலக்கம் வாசிக்க ஏலாது. 1/1000-இல் 17 செ.மீ. நகரும், 7 பிக்சல். குறுக்கே எடுக்கிறவர் 1/2000-க்குப் போகவேணும்.

குறுக்கே நிற்காமல் வண்டி வரும் கோட்டுக்கு 20 பாகை சரிவில் நின்றால் இழுபாடு மூன்றில் ஒன்றாகிவிடும். முக்கால் முகப் படத்துக்கு 1/1000 போதும் என்பது அதனால்தான்.

மார்ச் 6
17 செ.மீ. இல்லை, 1.7 செ.மீ. நேற்றைய கணக்குப்படி ஷட்டரைக் கூட்டினால் கோச்சி இன்னும் வேகமாக ஓடுமாம். சுட்டிக்காட்டின வாத்தியாருக்கு நன்றி. பிக்சல் கணக்குச் சரி.

பின்தொடர்ந்து சுழற்றி எடுக்கிறவர்களுக்கு எல்லாம் தலைகீழ். பின்னணி இழுபடத்தான் வேணும். 1/60 என்று எல்லாரும் சொல்வார்கள். கோச்சிக்கு அது ஆபத்து, பெட்டி நீளமானது. கமரா சுழலும்போது நடுப்பகுதி நிற்கும், முன்னும் பின்னும் கோணம் மாறி இழுபடும். 1/125-இல் தொடங்கி, எஞ்சினின் ஓட்டுநர் ஜன்னலில் குவியப் புள்ளியை ஒட்டி வையுங்க. மேலும் கீழும் கை ஆடுவதைக் குறைக்கப் பாதங்களை வண்டி போய்முடிகிற பக்கம் திருப்பி வைத்து, இடுப்பை மட்டும் வரும் பக்கம் முறுக்கி நிற்க வேண்டும். எதிர்ப்பக்கமாக நின்றால் நடுவழியில் உடம்பு முறுகி நின்றுவிடும்.

மார்ச் 9
கல்முனையிலிருந்து ஒருவர் "கல்ஓயா சந்தியில் படமெடுக்க இங்கினியாகலைக்குப் போனால் கிட்டவா?" என்று கேட்கிறார். மச்சான், அது வேறு கல்ஓயா. இங்கினியாகலையில் இருப்பது 1949-இல் தொடங்கின கல்ஓயாத் திட்டத்தின் அணைக்கட்டு, சேனநாயக்க சமுத்திரம். அங்கே போனால் தண்ணியும் யானையும் பார்க்கலாம், தண்டவாளம் பார்க்க ஏலாது. அம்பாறை மாவட்டத்தில் பயணிகள் கோச்சி ஓடுவதில்லை. கல்ஓயா சந்தி பொலன்னறுவைக்கும் அப்பால், மாகோவிலிருந்து வரும் பாதை திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பிரியும் இடம். கல்முனைக்காரருக்குக் கிட்டின தண்டவாளம் மட்டக்களப்பு நிலையம்தான். பொத்துவில் வரை பாதை போடும் பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. அதுக்கு லென்ஸ் வாங்கி வைக்கவேண்டாம்.

மார்ச் 17
இனித்தான் கேள்விக்கு உண்மையான பதில். எஞ்சினைத் துரத்துகிறவர்கள் எடுக்காமல் விடுவது எது? டேப்லட் வளையமும் கைகாட்டியும். எஞ்சினுக்கு அருங்காட்சியகம் உண்டு, கடுகண்ணாவையில் 2014-இல் திறந்தார்கள். வளையம் கை மாறுகிற அந்த அரை வினாடிக்கு அருங்காட்சியகம் கிடையாது. நிற லைட் வந்த பாதைகளில் அது ஒரே நாளில் இல்லாமல் போகிறது.

தெரியாதவர்களுக்கு: ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வராமல் இருக்க, இரண்டு நிலையத்திலும் மின்கம்பியால் இணைந்த ஒவ்வொரு கருவி. ஒரு தகடு, அதாவது டேப்லட், வெளியே எடுபட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை இரண்டு கருவியும் பூட்டு. அடுத்த தகடு எந்த முனையிலும் வராது. அந்தத் தகடு கையில் இல்லாமல் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. தகட்டைத் தோல்பையில் போட்டு, கை நுழையும் அளவு பெரிய வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள்.

எடுக்கும் முறை. மேடையில் மஞ்சள் கோட்டைத் தாண்டாமல், வளையம் பிடிக்கிறவருக்கு நாலைந்து மீற்றர் பின்னால், வண்டி உங்களை நோக்கி வரும்படி நில்லுங்க. 35 மி.மீ., எஃப் 5.6, 1/800. தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, முன்கூட்டியே அவர் கையில் குவித்துப் பூட்டுங்க. விட்டால் கமரா முன்விளக்குக்குத் தாவும், கை மங்கலாகும். ஒளியளவும் கையால் வையுங்க. விளக்கு சட்டத்துக்குள் வந்ததும் தானியங்கி பயந்து முழுப் படத்தையும் இருட்டாக்கும். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்தால்கூட வினாடிக்கு 4.2 மீற்றர், வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கிற கமராவில் இரண்டு படத்துக்கு நடுவில் வண்டி 42 செ.மீ. நகர்ந்துவிடும். கொடுக்கிற கையும் வாங்கிற கையும் ஒரே வளையத்தில் இருப்பது ஒரே ஒரு படத்தில்தான். பொத்தானை முந்தியே அழுத்திப் பிடியுங்க.

தகட்டையே எடுக்க வேண்டுமென்றால் நிலைய அதிபரிடம் கேளுங்க, வண்டி இல்லாத நேரத்தில். தொடவேண்டாம், அவர் மேசையில் வைப்பதை எடுங்க. இரண்டு முனை நிலையங்களின் பெயர் வெட்டியிருக்கும். பலவருஷக் கைபட்டுத் தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் தெரியாது. ஒரு சின்ன டோர்ச்சை மேசை மட்டத்தில், 15 பாகை உயரத்தில் பக்கவாட்டாகப் பிடித்தால் ஒவ்வொரு வெட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். விளிம்பில் உள்ள பள்ளமும் அப்போதுதான் தெரியும்.

மார்ச் 18
கைகாட்டி பற்றி எழுத மறந்துவிட்டேன். நம்முடைய கைகாட்டி கீழே விழுகிற வகை. படுக்கையாக நின்றால் நில், 45 பாகை சரிந்தால் போ. சிவப்புக் கையை வெயில் எதிரே வைத்து எடுத்தால் கறுப்பாகிவிடும், நிறம் தெரிய வெயில் உங்களுக்குப் பின்னே இருக்க வேண்டும். தூரக் கைகாட்டி மஞ்சள், நுனி மீன்வால் மாதிரி வெட்டியிருக்கும்.

ஏப்ரல் 9
இந்தக் கிழமை சூரியன் மட்டக்களப்புக்கு நேர் உச்சி. நண்பகலில் கம்பத்துக்கு நிழலே இல்லை. பெட்டிகளின் பக்கமெல்லாம் கரி. கமராவை வீட்டில் வையுங்க. செப்டெம்பர் முதல் கிழமையில் மறுபடி இப்படி.

ஏப்ரல் 20
பழைய நெகட்டிவ் பற்றி மூன்று பேர் கேட்டதால் பாதையை விட்டு இறங்குகிறேன்.

நம்முடைய கடலோர ஈரத்தில் நெகட்டிவில் பூஞ்சணம் பிடிப்பது வழமை, நூல்நூலாகப் படரும். உடனே எல்லாரும் செய்கிற பிழை தண்ணியில் கழுவுவது. பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணியில் கரையும். அழுக்கோடு படமும் ஓடிவிடும். 98 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்புரோப்பைல் அற்ககோலில் நனைத்த மெல்லிய பஞ்சால், அழுத்தாமல், ஒரு பக்கமாக இழுங்க. மருந்துக்கடையில் வாங்கும் 70 வீதத்தில் மிச்சம் தண்ணி, அது வேண்டாம். புளிச்ச மணம் அடித்தால் அது வேறு வியாதி, அசற்றேற்று அடிப்படை உடைகிறது. அதைத் திருப்ப ஏலாது. மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் அதை நகலெடுங்க.

ஸ்கானர் இல்லாவிட்டால் மக்ரோ லென்ஸும் கமராவும் போதும். 24 மெகாபிக்சலில் 35 மி.மீ. சட்டம் முழுவதையும் நிரப்பினால் அங்குலத்துக்கு 4,200 புள்ளி கிடைக்கும். சாதாரணப் படச்சுருளில் அதற்கு மேல் விபரம் பெரிதாக இல்லை. அடியில் நிறம் சரியாகக் காட்டும் எல்ஈடி பலகை (நிறக்குறி 95-க்கு மேல்), அதற்குமேல் பால்நிறப் பிளாஸ்ரிக். பலகையிலிருந்து நெகட்டிவை இரண்டு செ.மீ. உயர்த்துங்க, ஒட்டி வைத்தால் பலகையின் புள்ளியெல்லாம் படத்தில் வரும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடித் தாமதம், ரோ கோப்பு. நெகட்டிவைச் சுற்றியுள்ள வெளிச்சத்தைக் கறுப்புக் கடதாசியால் மறைக்காவிட்டால் ஓரம் வெளுக்கும்.

லென்ஸுக்கும் இதே ஈரம்தான் எதிரி. காற்றுப் புகாத பெட்டி, ஈரமானி, சிலிக்கா. 40 முதல் 50 வீதத்தில் வைத்திருங்க. நீலச் சிலிக்கா ரோசாவானால் அவணில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம். சோறாக்கும் அடுப்பில் வறுக்கவேண்டாம், அந்த நீலத்தில் கோபால்ற்று இருக்கிறது.

ஏப்ரல் 21
நகலெடுத்த பிறகு முதல் வேலை: எஞ்சின் இலக்கம் சரியாக வாசிக்கிறதா என்று பாருங்க. மங்கல் பக்கம் கமராவைப் பார்த்து இருந்தால் கூர்மை நல்லது, ஆனால் படம் கண்ணாடி விம்பமாக வரும், திருப்பிப் போட வேணும். முகநூலில் சுற்றுகிற ஒரு வாழைச்சேனைப் படத்தை இது எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று ஒரு மாதம் சண்டை பிடித்தார்கள். பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்து இடம்வலம் மாறிக் கிடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

திகதி கண்டுபிடிக்க: எஞ்சின் வகை கீழெல்லை தரும். எம் 2 என்றால் 1954-க்குப் பிறகு, எம் 4 என்றால் 1975-க்குப் பிறகு, எம் 8 என்றால் 1996-க்குப் பிறகு, எம் 10 என்றால் 2012-க்குப் பிறகு. எம் 2-ஐ வைத்து மேலெல்லை சொல்ல ஏலாது. கொழும்புத் திட்டத்தில் கனடா தந்து, ஒன்டாரியோ, அல்பேர்டா என்று மாகாணப் பெயரோடு வந்தவை 70 வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. மன்னம்பிட்டிப் பாலத்தில் பஸ் போனால் 2007-க்கு முந்தினது, அந்த வருஷம்தான் தனி வீதிப்பாலம் திறந்தது.

ஏப்ரல் 22
இதை நேற்றே எழுதியிருக்க வேணும். படத்தில் நிலைய மணிக்கூடு இருந்தால் நிழலோடு ஒப்பிடுங்க. மட்டக்களப்பில் இப்போதைய நேரப்படி சூரிய நண்பகல் 12.03 அளவில், வருஷத்துக்குள் கால் மணித்தியாலம் முன்பின் ஆகும். 1996 மே மாதம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள், அதே வருஷம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கினார்கள், 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கு வந்தோம். ஆக அந்தப் பத்து வருஷப் படத்தில் நிழல் ஆகக் குறுகி நிற்கும்போது மணிக்கூடு பன்னிரண்டரை காட்டும். கமராத் திகதி முத்திரையை நம்பவேண்டாம். பற்றரி மாற்றினபிறகு அதைச் சரிசெய்தவர் எத்தனை பேர்?

மே 11
பாலங்கள். ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலமும் மன்னம்பிட்டி மாதிரி வீதியையும் பாதையையும் ஒன்றாகச் சுமந்தது. இப்போது பக்கத்தில் வீதிக்குத் தனிப் பாலம், அதன் நடைபாதையில் நின்று இரும்புச் சட்டத்தைப் பக்கவாட்டாக எடுக்கலாம். சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் பெட்டியின் ஜன்னலை மறைக்கும்; எஞ்சின் மட்டும் இரண்டு கம்பிக்கு நடுவில் வரும் கணத்துக்குக் காத்திருங்க, முழு வண்டிக்கும் ஆசைப்படவேண்டாம். சில்வர் பூச்சுக் கம்பி வெயிலில் வெளுக்கும், ஒளியளவை முக்கால் ஸ்டொப் குறைத்து வைத்தால் பிறகு இருட்டை எழுப்பலாம். வெளுத்ததை மீட்க ஏலாது.

கல்லடிப் பழைய பாலத்தைக் கோச்சிப் பாலம் என்று எழுதி ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் மீன் பாடும் என்பார்கள். கோச்சி ஓடினதில்லை.

பாதை மேல் நடப்பது சட்டப்படி குற்றம், பாலத்தின் மேல் நடப்பது முட்டாள்தனம், ஒதுங்க இடமில்லை. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் எஞ்சின் சத்தம் கிட்ட வரும்வரை கேட்காது. ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேணும், இராணுவ முகாம் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

மே 12
வெலிக்கந்தை, புனானைப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. விடியலும் அந்தியும்தான் நல்ல வெளிச்சம், யானைக்கும் அதே நேரம்தான் பாதை கடக்கிற நேரம். கடவைக்குக் கிட்ட, வாகனத்தோடு, ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு நில்லுங்க. 1924-இல் சுடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தை புனானையை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. இனி நீங்களும் அப்படி அறிமுகமாக வேண்டாம்.

ஜூன் 30
கச்சான் காற்று அடிக்கிறது. 200 மி.மீ.-க்கு மேல் நீளமான லென்ஸால் தண்டவாளம் நெடுக எடுத்தால் ஒன்பது மணிக்குப் பிறகு எல்லாம் தண்ணிக்குள் கிடப்பதுபோல நெளியும். லென்ஸ் பிழை இல்லை, சரளைக் கல்லில் சூடேறின காற்று. விலையான லென்ஸ் நெளிவை இன்னும் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான். எட்டரைக்குள் முடியுங்க, அல்லது கிட்டப் போய் 50 மி.மீ.-ஆல் எடுங்க. லென்ஸ் கேட்ட ஏறாவூர்த் தம்பிக்கு இதுதான் பதில்: 35, 50, 85 மூன்றில் ஏதாவது ஒன்று, பழையதே போதும்.

இன்னொரு திருத்தம். மார்ச் 2-இல் உதயதேவி முகத்தில் வெயில் படாது என்றேன். ஏறாவூருக்கும் கல்குடாவுக்கும் இடையில் பாதை வடக்கே திரும்புகிறது; ஆனியில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே விலகி உதிப்பதால் காலை வண்டியின் வலக் கன்னத்தில் வெயில் நன்றாக விழுகிறது, முன்பக்கத்திலும் கொஞ்சம் தடவும். கிழக்குப் பக்கம் நில்லுங்க. மார்கழியில் இதே இடத்தில் முகம் இருட்டு.

ஜூன் 30, பிறகு
கோப்புப் பெயர்: வருஷம், மாதம், நாள், இடம், வண்டி எந்தப் பக்கம் போகிறது, எஞ்சின் இலக்கம். உதாரணமாக 20240630_ஏறாவூர்_கல்குடாநோக்கி, பிறகு இலக்கம். "அழகிய காலை" என்று பெயர் வைத்த படங்களை இங்கே அனுப்பவேண்டாம், எந்தக் காலை என்று கேட்டே எனக்குக் களைத்துவிட்டது.